இலையின் மேல்பாதி: நம்ம அன்னதானக் காய்கறியின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கின பிறகு நிதானமா படிங்க.

புரட்டாசி அன்னதானத்துக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியலைப் போன வாரம் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போட்டோம் இல்லையா? அதுக்குக் கீழே ஓடின விவாதத்தைப் பலர் பார்த்திருப்பீங்க. ஒரு ஐயா, "உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் சீமைக்காய். சாமி சாப்பாட்டில் சேர்க்கக்கூடாது. நம்ம முன்னோர்கள் சேர்த்ததில்லை" என்று எழுதினார். உடனே ஒரு அக்கா, "அப்படிப் பார்த்தா மிளகாயும் வெளிநாட்டுச் சரக்குதான் ஐயா, சாம்பாரை எப்படி வைக்கிறது?" என்று கேட்டார். அதுக்கப்புறம் எழுபது எண்பது மெசேஜ். நடுவில் சிலர் 'இனிய காலை வணக்கம்' படம் போட்டுச் சமாதானம் செய்யப் பார்த்தாங்க. நடக்கல.

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கு. ஆனால் இந்தக் காயின் கதையைக் கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்த்தால், நாம சண்டை போட வேண்டிய இடம் வேறு என்று எனக்குத் தோணுது. அதைத்தான் எழுதுறேன்.

முதலில் கல்வெட்டு. திருநெல்வேலிப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கு, 9ஆம் நூற்றாண்டு. அரசன் கோயிலுக்குக் காசு முதலாக வைக்கிறான். அதுக்கு வட்டியாக வரும் நெல்லைக் கொண்டு சாமிக்கு என்னென்ன அமுது படைக்க வேண்டும் என்று கணக்காக எழுதி வைக்கிறான். அரிசி, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, வெற்றிலை பாக்கு. கூடவே கறியமுது. அந்தக் கறியமுதில் காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று வகை வகையாக வருது. புளி விட்டது ஒன்று, வேகவைத்தது ஒன்று, பொரித்தது ஒன்று. தாளிக்க, சேர்க்க மிளகு, மஞ்சள், சீரகம், கடுகு, கொத்தமல்லி. இன்றைக்கு நம்ம கோயில் குசினியில் இருக்கிற மசாலா டப்பாவைத் திறந்தால் கிட்டத்தட்ட அதே சாமான்தான். மிளகாய் மட்டும் அங்கே இல்லை. இருக்கவும் முடியாது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு சோறு, அதைச் சுற்றி பல கறி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தின கோயில் சமையலின் கணக்கு அது. இதை மனசில் வச்சுக்கங்க, கடைசியில் தேவைப்படும்.

'கறி' என்கிற சொல்லே ஒரு கதை. சங்க காலத்தில் அதுக்கு மிளகு என்று பொருள். பிறகு மிளகு போட்டுச் சமைத்த துணை உணவுக்கெல்லாம் அந்தப் பேர் வந்தது. மலாய்க்காரர்கள் 'காரி' என்று சொல்வதும் நம்ம சொல்தான். தமிழ்நாட்டில் இன்றைக்குக் கறி என்றால் ஆட்டிறைச்சி என்று ஆகிப்போச்சு. ஆனால் நாம மலேசியாவில் 'மரக்கறி சாப்பாடு' என்று இன்னும் சொல்றோம் பாருங்க, அது பழைய பொருளை விடாமல் வச்சிருக்கிற பேச்சு. எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும்.

சரி, மிளகாய்க்கு வருவோம். மிளகு போலக் காரமான காய், அதனால மிளகாய். பேரிலேயே பின்னாடி வந்தது என்று ஒட்டி வச்சிருக்கு. தென்னமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துச் செடி அது. 1498இல் போர்த்துகீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்தாங்க, 1510இல் கோவாவைப் பிடித்தாங்க, 1511இல் நம்ம மலாக்காவைப் பிடித்தாங்க. அந்தக் கப்பல் போக்குவரத்தில்தான் மிளகாயும் ஊர் ஊராகப் போனது. போர்த்துகீசியரை நம்ம ஆளுங்க 'பரங்கி' என்று சொன்னாங்க. பினாங்கில் பத்து ஃபெரிங்கி இருக்கே, அந்த ஃபெரிங்கியும் இதே சொல்தான். இப்போ பரங்கிக்காயை யோசிச்சுப் பாருங்க. மஞ்சள் பூசணியைப் பரங்கிக்காய் என்று சொல்லித்தான் பொங்கலுக்குப் படையல் வைக்கிறோம். பேரிலேயே போர்த்துகீசியன் உட்கார்ந்திருக்கிறான்!

இன்னும் இருக்கு. சவ்சவ்வை எங்க வீட்டுப் பெரியவங்க சீமைக் கத்தரிக்காய் என்பாங்க. நிலக்கடலைக்கு வட ஆற்காடு, தென்னாற்காடு பக்கம் மணிலாக்கொட்டை என்று பேர், பேச்சில் மல்லாக்கொட்டை. மணிலா வழியாக வந்த அமெரிக்கக் கடலை. தக்காளி என்ற சொல் பழசு, ஆனால் முன்னே அது மணத்தக்காளி போன்ற சின்னப் பழங்களைக் குறித்தது. பெரிய தக்காளி வந்ததும் முதலில் அதைச் சீமைத் தக்காளி என்றாங்க. பிறகு சீமை உதிர்ந்து போச்சு. விருந்தாளி வீட்டு ஆளாகிவிட்டார்.

திதி கொடுக்கிற வீடுகளில் இன்றைக்கும் ஒரு பட்டியல் உண்டு. உருளை, தக்காளி, கேரட், கோஸ், பச்சை மிளகாய் கிடையாது. வாழைக்காய், அவரை, புடலை, பாகல், சேப்பங்கிழங்கு, பிரண்டைத் துவையல் உண்டு. காரத்துக்கு மிளகு. ஒரிசாவில் பூரி ஜகந்நாதர் கோயில் மகாபிரசாதத்திலும் உருளை, தக்காளி, மிளகாய் சேர்ப்பதில்லை. அதனால அந்த ஐயா சொன்னது ஆதாரம் இல்லாத பேச்சு இல்லை. புதுக் காய்கள் வருவதற்கு முந்தின சமையலை அப்படியே கட்டிக் காத்து வைக்கிற வழக்கம் அது. வேடிக்கை என்னன்னா, அதே திதிப் பட்டியலில் பல வீட்டில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இருக்கு. அதுவும் அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். எப்படியோ உள்ளே நுழைந்து, யாரும் கேள்வி கேட்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

திதி என்றதும் அருந்ததி கதை நினைவு வரும். விசுவாமித்திரர் வசிட்டர் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார், 1008 வகைக் கறி வேண்டும் என்கிறார். அருந்ததி அசரவில்லை. பாகற்காய் 100 கறிக்குச் சமம், பிரண்டை 300க்குச் சமம், பலா 600க்குச் சமம், அதோடு 8 கறி வைத்தால் கணக்குச் சரி என்று இலையில் பரிமாறிவிட்டார். கதைதான். ஆனால் எந்தக் காயைப் பெரிசாகச் சொல்லியிருக்காங்க என்று பாருங்க: கசப்பும், துவர்ப்பும், நாக்கு அரிக்கிற பிரண்டையும். பிள்ளைகள் தட்டில் ஒதுக்கி வைக்கிற சாமானுக்குத்தான் அதிக மார்க்.

காய்கறியை ஒட்டிய பக்திக் கதைகளில் எனக்கு எப்போதும் முதலில் வருவது அரிவாட்டாய நாயனார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதியிருக்கார். சோழ நாட்டுக் கணமங்கலத்தில் வசதியாக இருந்த விவசாயி. தினமும் சிவனுக்குச் செந்நெல் அரிசிச் சோறு, செங்கீரை, மாவடு படைப்பது அவர் தொண்டு. செல்வம் போனது. கூலிக்கு நெல் அறுக்கப் போனார். கூலியாகக் கிடைத்த செந்நெல் சாமிக்கு, கார் நெல் தனக்கு. ஒரு கட்டத்தில் எங்கும் செந்நெல்லாகவே விளைய, அத்தனையும் சாமிக்கே போனது. அவர் சாப்பிட்டது என்ன? அந்த அம்மா கொல்லையில் பறித்துச் சமைத்த கீரை. கீரையும் தீர்ந்த பிறகு வெறும் தண்ணீர். கடைசியில் படையலோடு கோயிலுக்குப் போகும்போது தளர்ந்து விழுந்து, சோறும் கீரையும் மாவடுவும் நிலத்தின் வெடிப்பில் சிந்த, அரிவாளால் தன் கழுத்தை அறுக்கப் போனார். வெடிப்பில் இருந்து இறைவன் கை வந்து தடுத்தது. மாவடு கடிக்கும் சத்தமும் கேட்டது.

அதே மாதிரி இளையான்குடி மாறனார். மழை கொட்டுகிற ராத்திரி, வீட்டில் ஒன்றும் இல்லை, வாசலில் அடியார். பகலில் விதைத்த நெல்லையே வயலில் போய் வாரிக்கொண்டு வந்தார், கொல்லையில் முளைத்திருந்த இளங்கீரையைப் பிடுங்கி வந்தார். அந்த அம்மா அந்த ஒரே கீரையைப் பல விதமாகச் சமைத்தாங்க. பாத்தீங்களா, இந்த இரண்டு கதையிலும் காய் சந்தையில் இருந்து வரல. வீட்டுக்குப் பின்னாடி இருந்த மண்ணில் இருந்து வந்தது. எது விளைந்ததோ அது படையலானது.

இப்போ கப்பல் ஏறி நம்ம கதைக்கு வருவோம்.

நாகப்பட்டினத்தில் இருந்தும் சென்னையில் இருந்தும் பினாங்கு வந்து இறங்கின நம்ம தாத்தா பாட்டிகள், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் தோட்டங்களுக்குப் போனாங்க. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது, கங்காணி முறை அதுக்குப் பிறகும் ஓடியது. லயத்தில் ஒரு அறை. விடியாத நேரத்தில் பெரட்டு. தோட்டத்துக் கடையில் கடனுக்கு அரிசி, பருப்பு, புளி, வெங்காயம், காய்ந்த மிளகாய், கருவாடு. அந்தக் கடையில் பச்சைக் காய் அதிகம் இருக்காது. அது வந்த இடம் லயத்துக்குப் பின்னாடி இருந்த கொல்லை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஒரு ஏக்கரில் 16இல் ஒரு பங்கு நிலம் பயிர் வைக்க ஒதுக்க வேண்டும் என்று இருந்தது. கணக்குப் போட்டால் சுமார் 2,700 சதுர அடி. இன்றைய தாமான் வீட்டு மனையை விடப் பல இடத்தில் பெரிசு! காகிதத்தில் இருந்தது எல்லாத் தோட்டத்திலும் கையில் கிடைக்கல, அது வேற பேச்சு. கிடைத்த இடத்திலும் கிடைக்காத இடத்திலும், வடிகால் ஓரம், மாட்டுக் கொட்டகை ஓரம் என்று ஏதோ ஒன்றை நட்டாங்க. முருங்கைக் கம்பை வெட்டி மண்ணில் குத்தினாலே பிடிச்சுக்கும், அதனால லயத்துக்கு லயம் முருங்கை. கத்தரி, வெண்டி, அவரைப் பந்தல், புடலை, பாகல், பூசணிக் கொடி, பயிற்றங்காய், வாழை. வாழையில் காய், பூ, தண்டு எல்லாமே கறி. பாட்டி சேலை முந்தானையில் விதை முடிந்து கொண்டு வந்தார் என்று எங்க குடும்பத்திலும் சொல்வாங்க. உங்க குடும்பத்திலும் சொல்லியிருப்பாங்க.

அந்தக் கொல்லை யார் வேலை என்று யாரும் எழுதி வைக்கல. பெரும்பாலும் பெண்களின் வேலை. காலையில் பால்மரம் வெட்டி, பாலைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்து, மத்தியானம் திரும்பி வந்து, பிள்ளைக்குச் சோறு போட்டு, அதுக்கப்புறம் மண்வெட்டி. சம்பளம் இல்லாத அந்த இரண்டாவது வேலைதான் குடும்பத்துக்குக் கறி போட்டது.

இந்த மண்ணின் கீரையையும் நம்ம ஆளுங்க கத்துக்கிட்டாங்க. பாயாமைப் பார்த்ததும் தண்டுக்கீரை என்று தெரிந்துகொண்டாங்க. காங்கோங் ஏதோ சீனக் கீரை என்று நாம நினைக்கிறோம். சங்கப் பாட்டில் குளத்தில் படரும் வள்ளைக்கொடி வருமே, அது இதுதான். சாயூர் மானிஸ், மரவள்ளிக் கொழுந்து எல்லாம் மலாய்ப் பக்கத்து வீட்டில் இருந்து வேலி தாண்டி வந்தது. நம்ம முருங்கை அந்தப் பக்கம் போனது.

இங்கே அரிசியைப் பற்றியும் ஒன்று சொல்லணும், நம்ம ஆளுங்களுக்கே பலருக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கான பேரைக் கொன்றது. கால் மரத்து வீங்கி, இதயம் நின்று போகும். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம் வந்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. நெகிரி செம்பிலானில் இருந்த டாக்டர் பிராடன் இதைக் கவனித்து, தீட்டிய வெள்ளை அரிசியில்தான் கோளாறு என்று எழுதினார். டாக்டர் பிளெட்சர் 1905-06இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பாதிப் பேருக்கு வெள்ளை அரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கல் அரிசி என்று கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம்தான் நோயும் சாவும். பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பிரேசர், ஸ்டாண்டன் இருவரும் அதை உறுதி செய்தாங்க. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் உள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. நம்ம பாட்டிகளின் பானை உலக மருத்துவத்துக்கு ஒரு வழி காட்டியது.

ஆனால் புழுங்கல் அரிசி அந்த ஒரு நோயைத்தான் தடுத்தது. கொக்கிப்புழுவும் மலேரியாவும் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த தோட்டத்தில், சோகை பிடித்த பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிடைத்த இரும்புச் சத்தும், கண்ணுக்கு ஏ வைட்டமினும் பெரும்பாலும் கொல்லைக் கீரையில் இருந்துதான் வந்திருக்கணும். முருங்கைக்கீரை எல்லா நோயையும் தீர்க்கும் என்று இன்றைக்கு டிக்டாக்கில் சொல்றாங்களே, அதை நம்பாதீங்க. அது மருந்து இல்லை, நல்ல சாப்பாடு. அதுவே பெரிய விஷயம்தான்.

ஜப்பான்காரன் காலம் வந்தது. 1941 டிசம்பரில் இறங்கினான், 1945 வரை இருந்தான். மலாயா சாப்பிட்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவில் இருந்தும் சயாமில் இருந்தும் வந்துகொண்டிருந்தது, அது வற்றிப் போனது. ஆண்களைச் சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போனாங்க. மிஞ்சினவங்க ரப்பர் மரத்தை வெட்டிப்போட்ட இடத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டாங்க. அந்தக் காலத்தில் வாழ்ந்த பெரியவங்க சிலர் சாகிற வரைக்கும் மரவள்ளிக்கிழங்கைத் தொட மாட்டாங்க, கவனிச்சிருக்கீங்களா? கிழங்கு வயிற்றை நிரப்பியது, அதில் மாவைத் தவிர பெரிசா ஒன்றும் இல்லை. கால் புண்ணும் வீக்கமும் அதனாலயும்தான் பரவியது. கிழங்கோடு அதன் இலையையும் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கத் தெரிந்த வீடுகள் கொஞ்சம் தப்பித்தன. நம்ம வரலாற்றில் வயிறு நிறைவதும் சத்து கிடைப்பதும் வேறு வேறு என்று அடித்துச் சொன்ன பாடம் அந்த மூன்றரை வருஷம்.

போருக்குப் பிறகு என்ன ஆச்சு என்பது உங்களுக்கே தெரியும், சுருக்கமா சொல்றேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, நாம பட்டணத்து அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் வந்தோம். கொல்லை போனது. முன்வாசலில் சிமென்ட் போட்டுக் கார் நிறுத்தினோம். காய் இனிமேல் காசுக்குத்தான். 1931இல் தாப்பாவில் இருந்து சாலை போட்ட பிறகு வளர்ந்த கேமரன் மலைத் தோட்டங்களில் இருந்து கோஸ், தக்காளி, கீரை எல்லாம் பாசாருக்கு லாரியில் வந்து இறங்கியது. மழைக்காலத்தில் மலையில் மண் சரிந்தால் கோலாலம்பூரில் காய் விலை ஏறும். விலை ஏறும்போது முதலில் குறைவது தட்டில் இருக்கிற காய், அடுத்து வருவது உருளைக்கிழங்கு. மலிவு, கெடாது, உரித்து வெட்டினால் அண்டா நிறையும். கோயில் குசினிக்கும் அதே கணக்குதான்.

இப்போ அந்த வாட்ஸ்அப் விவாதத்தின் நாயகன் உருளைக்கிழங்கைப் பற்றி நான் சொல்ல வந்ததைச் சொல்லிடுறேன். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்குத் தினம் குறைந்தது 400 கிராம் காய்கறி, பழம் வேண்டும் என்கிறது. அந்த 400 கிராமில் உருளை, மரவள்ளி, சர்க்கரைவள்ளி சேராது. அதெல்லாம் சோற்றுக் கணக்கு. அதாவது சாதத்தோடு உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தால், சோற்றுக்குச் சோறுதான் தொட்டுக்கொள்கிறோம். சீமையில் இருந்து வந்தது அதன் குற்றம் இல்லை. கேரட்டும் கோஸும் பீன்ஸும் அந்தக் கணக்கில் தாராளமாகச் சேரும். நாட்டுக்காய் என்று சொல்லி நாலு கிழங்கு வைத்தால் சேராது.

இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 18.3 விழுக்காடு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. நம்ம அன்னதான வரிசையில் நிற்கும் பெரியவர்களை மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு போங்க, மூவரில் ஒருவர் என்று சொல்லலாம். போதிய அளவு காய்கறி, பழம் சாப்பிடாத பெரியவர்கள் நாட்டில் சுமார் 95 விழுக்காடு என்றும் அதே ஆய்வு சொன்னது. நம்ம கோயிலுக்கு வாராவாரம் வந்துகொண்டிருந்த இரண்டு மூன்று முகங்கள் இப்போ டயாலிசிஸ் நாள் பார்த்துத்தான் வருது. பேர் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். பரிமாறும்போது அவங்க, "சாதம் கொஞ்சமா வைங்க தம்பி, கூட்டு இருந்தா இன்னொரு கரண்டி" என்று கேட்கிறதைக் கேட்டிருக்கேன்.

சுகாதார அமைச்சு 'சுகு சுகு செப்பாரோ' என்று ஒரு தட்டுப் படம் கிளினிக்கில் ஒட்டியிருக்கும். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, தயிர், டோஃபு போன்றவை. புதுசாகக் கண்டுபிடிச்ச மாதிரி நாம அதைப் பார்க்கிறோம். வாழை இலையை விரிச்சுப் பாருங்களேன். நடுநரம்புக்கு மேலே உப்பு, ஊறுகாய், பச்சடி, கூட்டு, பொரியல், அவியல். நரம்புக்குக் கீழே சோறு. இலையின் மேல்பாதி முழுக்கக் காய்க்கு எழுதி வைத்த இடம். அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டில் ஒரு சோற்றைச் சுற்றிப் பல கறி என்று பார்த்தோமே, அதே கணக்கு.

அந்த மேல்பாதி எப்போ சுருங்கியது என்று கேட்டால், இலை போய்த் தட்டு வந்தபோது கொஞ்சம், தட்டு போய்ப் பொட்டலம் வந்தபோது நிறைய. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பல கோயில்களில் பந்தி நின்று தாப்பாவ் பொட்டலம் ஆனது. வேற வழியில்லை, அது நல்ல சேவைதான். கட்டுப்பாடு போன பிறகும் பொட்டலம் மட்டும் போகல. ஒரு பெட்டி நிறையச் சாதம், மேலே சாம்பார், ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல். காயின் இடம் ஓரமாகிப் போச்சு.

இதில் எனக்கு ஒரு தனி வருத்தம், சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க. சைவச் சாப்பாடு என்றதும் சோயா மட்டன், சைவக் கோழி, சைவ இறால் என்று பாக்கெட் சாமானைத் தேடுறோம். எப்போவாவது ஒரு நாள் பரவாயில்லை. ஆனால் அதில் உப்பு அதிகம், விலையும் அதிகம். அந்தக் காசில் எத்தனை கிலோ புடலங்காய் வரும்! வாழைப்பூ ஆய்ந்து வடை தட்டத் தெரிந்த அக்காமார்கள் இத்தனை பேர் நம்மிடம் இருக்கும்போது மட்டனைப் போல ஒன்றை ஏன் சமைக்கணும்?

குழுவில் பேசி இந்தப் புரட்டாசிக்கு ஒரு கணக்கு வச்சிருக்கோம். 400 கிராமில் பாதியாவது இந்த ஒரு வேளையில் கிடைக்கணும், அதாவது ஆளுக்கு 200 கிராம் காய். சனிக்கிழமைக்கு 300 பேர் என்றால் 60 கிலோ. கேட்க மலைப்பா இருக்கும். பூசணி, சுரை, புடலை, பீர்க்கு, பயிற்றங்காய், கோஸ் என்று கலந்து வாங்கினால் சமாளிக்கலாம். கோஸும் கேரட்டும் உண்டு. அந்த ஐயாவும் அரை மனசோடு ஒத்துக்கிட்டார், பொரியலுக்குக் காய்ந்த மிளகாய்க்குப் பதில் மிளகு பொடித்துப் போடணும் என்ற நிபந்தனையோடு. நல்ல நிபந்தனை. பந்தியில் உட்காருபவர்களுக்கு வாழை இலை. பொட்டலம் கேட்பவர்களுக்குச் சாதம் ஒரு பெட்டி, காய் தனியாக இன்னொரு பெட்டி.

டயாலிசிஸ் செய்கிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, வாழைப்பூ, தக்காளி எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டாசியம் அவர்களுக்குத் தனிக் கணக்கு. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லாமல் என்று மாற்றிக்கொண்டே இருக்கக்கூடாது. அப்படிப்பட்டவர்கள் பரிமாறும் தம்பி தங்கைகளிடம் கூச்சப்படாமல் சொல்லுங்க, வேற காய் வைக்கச் சொல்றோம்.

காய் நறுக்க ஆள் வேணும். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில். கத்தியும் பலகையும் கையோடு கொண்டு வாங்க, போன தடவை கத்தி பத்தல. நறுக்கும் முன்னே காயைக் கழுவிடணும், நறுக்கின பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போயிடும். பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு வாங்க. பயிற்றங்காய் ஒடிக்கக் கத்தி வேண்டாம்.

வீட்டில் முருங்கை மரம் இருக்கிறவங்க கிளையோடு ஒடித்துக் கொண்டு வந்தால் போதும், உருவ வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு முருங்கையைத் தொடக்கூடாது என்று பெரியவங்க சொல்வாங்க, அதனால சாயங்காலத்துக்கு முன்னாடியே ஒடிச்சிடுங்க. ராத்திரி துணியில் இறுக்கிச் சுற்றி வச்சிட்டா காலையில் இலை தானா உதிர்ந்துடும்.